முதலில் சோதிக்க வேண்டியது சித்தியை

கேள்வியின் சாரம் இது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் 34 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். அம்மா 46 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்துவிட்டார். அம்மாவின் தங்கைக்கு 52 வயதில் சினைப்பைப் புற்றுநோய். அரசு மருத்துவமனையில் கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. தனியார் லேப் ஒன்று எச்சில் கொடுத்தால் போதும், மரபணுச் சோதனை செய்து தருகிறோம் என்கிறது. செய்யலாமா? பாசிட்டிவ் வந்தால் மார்பை எடுத்தே ஆகவேண்டுமா? மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு), லைஃப் கவர் (ஆயுள் காப்பீடு) என்ன ஆகும்? மாமாவோ, "செத்துப்போனவளை ஏன் கிளறுகிறாய், என் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று தடுக்கிறார். 9 வயதில் ஒரு மகள், 6 வயதில் ஒரு மகன். அவர்களையும் சோதிக்க வேண்டுமா?

தங்கை, இந்த மாதிரிக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் குடும்பத்துக்குச் சோதனை தேவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த எச்சில் டப்பாவுக்கு நீங்கள் இப்போது பணம் கட்ட வேண்டாம். முதல் சோதனை உங்களுக்கு அல்ல, உங்கள் சித்திக்கு.

ஏன் என்று புரிய, நீங்கள் மட்டும் போய்ச் சோதித்து "ஒன்றுமில்லை" என்று முடிவு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். அம்மாவிடம் பழுதான மரபணு ஒன்று இருந்தது, அது உங்களுக்கு வரவில்லை; அப்படியானால் நீங்கள் தப்பித்தீர்கள். அல்லது குடும்பத்தில் ஓடுவது வேறு ஏதோ மரபணு, இந்தச் சோதனை அதைத் தேடவே இல்லை. அப்படியானால் ஆபத்து அப்படியே இருக்கிறது. அல்லது அக்கா, தங்கை இருவருக்கும் வந்தது பரம்பரையே இல்லை. மூன்றில் எது என்று உங்கள் ரத்தத்தை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. காசைக் கொடுத்துப் பொய்யான நிம்மதியை வாங்கியதாகத்தான் முடியும். மேமோகிராமைக்கூட (மார்பக எக்ஸ்ரே) "எனக்குத்தான் இல்லையே" என்று தள்ளிப்போடுவீர்கள். அப்படித் தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சித்தியைச் சோதித்தால் கதை வேறு. நோய் வந்த உடம்பில் தேடும்போது, பழுது இருந்தால் அகப்படும். அகப்பட்டுவிட்டால் அது எந்த மரபணுவில், எந்த எழுத்தில் என்பது வரை தெரியும். அதன்பிறகு உங்களுக்குச் செய்ய வேண்டியது அந்த ஒரே இடத்தைப் பார்க்கும் சின்னச் சோதனை; செலவும் குறைவு. சாட்ஸ்வொர்த்தில் ரோடு நம்பரும் வீட்டு நம்பரும் இல்லாமல் ஒருவர் வீட்டைத் தேடுவதற்கும், இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தேடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. அப்போது உங்களுக்கு "இல்லை" என்று வந்தால், அது நம்பக்கூடிய இல்லை.

இதில் சித்திக்கும் லாபம் உண்டு. அதை அவரிடம் முதலில் சொல்லுங்கள். சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்களில் ஏறக்குறைய 100க்கு 10 முதல் 15 பேருக்கு பி.ஆர்.சி.ஏ.1 அல்லது பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் பிறவிப் பழுது இருக்கிறது. அதனால்தான் எந்த வயதில் வந்தாலும், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும், அந்த நோயாளிக்கு மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்பது இன்று உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட நடைமுறை. பழுது இருப்பவர்களுக்கு ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. இந்த இரண்டு மரபணுக்களின் வேலை, செல்லுக்குள் டி.என்.ஏ. முறிந்தால் ஒட்டிச் சரிசெய்வது. அந்த வழி ஏற்கெனவே கெட்டுப்போன புற்றுச் செல்லில், மிச்சமிருக்கும் இன்னொரு பழுதுநீக்கும் வழியையும் இந்த மாத்திரை அடைத்துவிடுகிறது; செல் செத்துப்போகிறது. ஆகவே, "என் பயத்துக்காக உங்கள் ரத்தத்தைக் கொடுங்கள்" என்று கெஞ்சும் நிலையில் நீங்கள் இல்லை. "சித்தி, உங்களுக்கு அடுத்து என்ன மருந்து கொடுக்கலாம்னு இதுல தெரியுமாம். எங்களுக்கும் தெரியும். டாக்டரைக் கேட்டுப் பார்ப்போமா?" என்று தொடங்கலாம்.

அடுத்த முறை கீமோவுக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். "இவருடைய அக்காவுக்கு 46 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், இவருக்குச் சினைப்பை. மரபணுச் சோதனைக்கு எழுதித் தருவீர்களா?" என்று அங்குள்ள டாக்டரிடம் கேளுங்கள். நம் ஊரில் ஆர்.கே.கான் மருத்துவமனையில் தொடங்கினாலும் பெரும்பாலும் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்குத்தான் அனுப்புவார்கள். அரசு மருத்துவமனைகளில் ரத்தம் தேசிய லேப் சேவைக்குப் போகும். நோயாளிக்குச் சோதனை கிடைப்பது சுலபம், நோயில்லாத உங்களுக்குக் கிடைப்பது கஷ்டம். சித்தியை முன்னால் நிறுத்த இது இன்னொரு காரணம். என்னைப் போன்ற மரபணு ஆலோசகர்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு. கேப் டவுன், விட்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் முதுகலை படித்து, சுகாதாரத் தொழிலர் கவுன்சிலில் பதிவு செய்தவர்களே இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலோர் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் இருக்கிறார்கள். வீடியோவில் பேசுவார்கள், அதில் குறையொன்றும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் தாமதிக்கக் கூடாது. சித்தியின் உடல்நிலை எப்படிப் போகும் என்று தெரியாது. இப்போது சோதனைக்கு மனம் வராவிட்டாலும், கொஞ்சம் ரத்தம் எடுத்து டி.என்.ஏ.வைப் பிரித்துச் சேமித்து வைக்க அவர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். அவர் முடியாது என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். வற்புறுத்த உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை. அப்போது உங்களையே நேரடியாகச் சோதிக்கலாம், முடிவை அரைகுறையாகத்தான் படிக்க முடியும் என்ற தெளிவோடு.

ஆலோசகரைப் பார்க்கப் போகும் முன் குடும்பக் கதையைத் திரட்டுங்கள். ரத்தச் சோதனையைவிட இதில்தான் பாதி விடை இருக்கிறது. நம் குடும்பங்களில் கஷ்டமும் இதில்தான். ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை ஏற்றிக்கொண்டு டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16ஆம் தேதி. அதற்குப் பின் வந்த கப்பல்களின் பட்டியல்களில் நம் முன்னோரின் ஊர், ஜாதி, தகப்பன் பெயர் எல்லாம் இருக்கின்றன. கூலி நம்பர்கூட மனப்பாடமாகச் சொல்லும் வீடுகள் உண்டு. ஆனால் அப்பாவைப் பெற்ற ஆயா எதனால் செத்தார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "வயிறு வீங்கிப் போச்சு", "வயித்துல கட்டி", "பொம்பளைச் சமாச்சாரம்" என்பார்கள். வயிற்றில் தண்ணீர் கோத்து வீங்கி, சில மாதங்களில் இறந்தார் என்றால் நான் சினைப்பையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். "நாற்பது வயசுல கர்ப்பப்பை எல்லாம் எடுத்துட்டாங்க" என்றாலும் குறித்துக்கொள்ளுங்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்திருந்தால், வரவேண்டிய நோய் வராமலே போயிருக்கும். அதனால் குடும்ப மரத்தில் அவர் ஆரோக்கியமானவர்போலத் தெரிவார்.

யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் வந்தது என்ற மூன்றும் வேண்டும். வயது முக்கியம்: 78 வயதில் வந்த மார்பகப் புற்றுநோய் எனக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லாது, 46இல் வந்தது நிறையச் சொல்லும். அம்மாவின் பழைய பயாப்சி ரிப்போர்ட் வீட்டில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கடைசி சிகிச்சைக்குப் பின் குறைந்தது 6 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இங்குள்ள விதி. அதற்குமேல் மருத்துவமனையில் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த ரிப்போர்ட்டில் "ட்ரிப்பிள் நெகட்டிவ்" (மார்பகப் புற்றில் வழக்கமாகத் தேடும் மூன்று ஏற்பிகளும் இல்லை) என்று இருந்தால் பி.ஆர்.சி.ஏ.1 மீது சந்தேகம் கூடும்.

அப்பா பக்கத்தையும் எழுதுங்கள். மார்பகம், சினைப்பை என்றதும் அம்மா வழியை மட்டும் பார்க்கிறார்கள், தப்பு. பிள்ளை, கவுண்டர், படையாச்சி என்று பெயர் வேண்டுமானால் அப்பா வழியில் வரும், மரபணு இரண்டு வழியிலும் வரும். இரண்டு தாத்தாக்களும் அப்பாவும் நோயில்லாமல் அதைச் சுமந்து மகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

இனி அந்தத் தனியார் லேப். "பி.ஆர்.சி.ஏ. சோதனை" என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்கு விற்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிக்கானர் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் பழுதுகள் மூன்று: பி.ஆர்.சி.ஏ.1இல் இரண்டு, பி.ஆர்.சி.ஏ.2இல் ஒன்று. வெஸ்டர்ன் கேப்பில் கோசா மக்களிடமும் கலப்பின மக்களிடமும் பி.ஆர்.சி.ஏ.2இல் இன்னொன்று. அஷ்கெனாசி யூதர்களுக்கு வேறு மூன்று. இந்தக் குறிப்பிட்ட இடங்களை மட்டும் பார்க்கும் மலிவுச் சோதனைகள் அந்தந்த மக்களுக்கு நல்ல சோதனைகள்தான். நம்மவர்களுக்கு அதில் "நெகட்டிவ்" வந்தால் அதற்கு ஏறக்குறைய மதிப்பே இல்லை. ட்வென்டி திரீ அண்ட் மீ என்ற அமெரிக்க எச்சில் டப்பாவுக்கு 2018இல் அனுமதி கிடைத்ததும் அந்த யூதப் பழுதுகள் மூன்றுக்குத்தான். அவற்றில் ஒன்றான 185டெல்ஏஜி தென்னிந்தியப் பெண்களிடமும் கணிசமாகத் தென்படுவதாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனாலும் நம்மிடம் பழுது ஆயிரக்கணக்கான இடங்களில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். எனவே லேபில் இரண்டே கேள்வி கேளுங்கள்: மரபணுவை முழுதாகப் படிக்கிறீர்களா? பெரிய துண்டாக விடுபட்டதையும் இரட்டித்ததையும் பார்ப்பீர்களா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். பி.ஆர்.சி.ஏ. இரண்டோடு, பால்ப்2, டிபி53, குடல் புற்றுநோயோடு சேர்ந்த லிஞ்ச் மரபணுக்கள் என ஒரு தொகுப்பாகப் படிப்பது இப்போது வழக்கம். சித்திக்கு அதுதான் பொருத்தம்.

முழுதாகப் படித்தால் ஒரு தொல்லை வரும். "அர்த்தம் தெளிவாகாத மாற்றம்" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி. எழுத்து மாறியிருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று பொருள். ஐரோப்பியர்களின் மரபணுவைப் படித்த அளவு நம்முடையதைப் படிக்கவில்லை, ஆகவே நமக்கு இந்த வரி அதிகமாக வரும். இதைப் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொண்டு யாராவது ஆபரேஷனுக்கு நாள் குறித்தால் எழுந்து வந்துவிடுங்கள். இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை பின்னால் தீங்கற்றவை என்றே தெரியவருகின்றன. வருடத்துக்கொரு முறை லேபிடம் வகைப்படுத்தல் மாறியதா என்று கேட்டால் போதும்.

சித்திக்குப் பழுது இருந்து, உங்களுக்கும் அது இருந்தால்? 2017இல் ஏறக்குறைய பத்தாயிரம் பெண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட கணக்கு இப்படி: பி.ஆர்.சி.ஏ.1 பழுது உள்ள 100 பெண்களில் 80 வயதுக்குள் 72 பேருக்கு மார்பகத்திலும் 44 பேருக்குச் சினைப்பையிலும் புற்றுநோய், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 69, 17. சாதாரணமாகச் சினைப்பையில் வருவது 100க்கு ஒருவர் இருவருக்குத்தான். அந்த ஆய்வில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளி என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இந்த எண்களைப் படியுங்கள். 72 என்றாலும் நூறு இல்லை; 80 வயது வரைக்குமான கணக்கு, அடுத்த வருடத்துக்கானது அல்ல.

மார்பை எடுத்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. எடுத்தால் ஆபத்து 90 சதவீதத்துக்குமேல் குறையும். எடுக்காமல் 25 வயது முதல் வருடத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ., 30 முதல் மேமோகிராமும் சேர்த்து என்று கண்காணித்துக்கொண்டே இருப்பதும் மதிக்கத்தக்க முடிவுதான்; வந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடிபடும். இங்கு எம்.ஆர்.ஐ. கிடைப்பது மெடிக்கல் எய்டைப் பொறுத்தது என்பதுதான் கசப்பான நிஜம். சினைப்பை விஷயத்தில் நான் இவ்வளவு தாராளமாகப் பேசமாட்டேன். ஸ்கேனும் சி.ஏ.125 ரத்தச் சோதனையும் பார்த்துக்கொண்டே இருந்தால் உயிர் காப்பாற்றப்படுகிறதா என்று பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்துப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவு, இறப்பு குறையவில்லை என்பது. அவர்கள் சாதாரண ஆபத்துள்ள பெண்கள்தான், இருந்தாலும் உங்களுக்கு மட்டும் அது நம்பத்தகுந்த காவல் ஆகிவிடாது. ஆகவே பழுது உறுதியானால், குழந்தை போதும் என்று முடிவான பின், பி.ஆர்.சி.ஏ.1க்கு 35 முதல் 40க்குள், பி.ஆர்.சி.ஏ.2க்கு 40 முதல் 45க்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்வார்கள். மாதவிடாய் ஒரேயடியாக நின்றுவிடும். உடம்பு எரிச்சல், தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம், தாம்பத்தியத்தில் சிரமம் எல்லாம் வரும். ஹார்மோன் மாத்திரை யாருக்குப் பொருந்தும் என்று முன்னாலேயே பேசி வைக்க வேண்டும். உங்களுக்கு வயது 34, அதனால் இது தள்ளிப்போடும் பேச்சு அல்ல.

சித்திக்கு எதுவும் அகப்படவில்லை என்றாலும் கோப்பை மூடிவிடாதீர்கள். அம்மாவுக்கு அவ்வளவு சின்ன வயதில் வந்தது என்ற உண்மை எங்கும் போகாது. மற்றவர்களைவிட முன்னதாகவே மேமோகிராம் தொடங்குவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பண விஷயம். மெடிக்கல் எய்டும் லைஃப் கவரும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, ஓப்பன் ஸ்கீம் (யாரும் சேரக்கூடிய திட்டம்) எதுவும் உங்கள் உடல்நிலையைக் காட்டிச் சேர்க்க மறுக்க முடியாது, அதைக் காட்டி உங்களுக்கு மட்டும் சந்தாவைக் கூட்டவும் முடியாது. புதிதாகச் சேர்பவருக்குக் காத்திருப்புக் காலம் போடலாம். பொதுவாக 3 மாதம், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம். இப்போதே ஸ்கீமில் இருப்பவர் பயப்பட வேண்டாம், விட்டுவிட்டு மாறும்போதுதான் யோசிக்க வேண்டும். சோதனைக்குப் பணம் கொடுப்பார்களா என்பது பிளானுக்குப் பிளான் மாறும். முன் அனுமதி கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

லைஃப் கவர், டிஸெபிலிட்டி கவர் (உழைக்க முடியாமல் போனால் பணம் தருவது) அப்படியில்லை. அங்கே ஆபத்தைப் பார்த்துத்தான் விலை. விண்ணப்பத்தில் அம்மாவுக்கும் அக்கா தங்கைக்கும் என்ன நோய் என்று கேட்பார்கள். அம்மாவின் 46 வயது ஏற்கெனவே உங்கள் விலையில் ஏறியிருக்கும். கேட்ட கேள்விக்குப் பொய் எழுதினால், பின்னால் உங்கள் பிள்ளைகளுக்குப் பணம் மறுக்கப்படலாம். புது பாலிசி எடுக்க எண்ணமிருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன் எடுத்து முடித்துவிடுங்கள். இதில் தந்திரம் ஒன்றுமில்லை. எடுக்கும் நாளில் தெரிந்ததை உண்மையாக எழுதினால் போதும்.

மாமா. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சம்பந்தி வீட்டார் "அந்தக் குடும்பத்தில் கேன்சர் ஓடுகிறதாம்" என்று பேசுவார்கள் என்ற பயம் கற்பனை அல்ல. அப்படிப் பேசி நின்ற கல்யாணங்கள் உண்டு. ஆனால் அவர் இரண்டு விஷயங்களை யோசிக்கவில்லை. முதலாவது, சித்தியின் முடிவோ உங்கள் முடிவோ அவரவருக்கு மட்டுமே சொந்தம். நாங்கள் மாமாவுக்குச் சொல்லமாட்டோம், அவர் சம்பந்திக்குச் சொல்லவும் முடியாது. தகவல் பாதுகாப்புச் சட்டமும் எங்கள் தொழில் விதியும் ஒன்றையே சொல்கின்றன. கோயில் திருவிழாவில் பேச்சு பரவினால், அது வீட்டுக்குள்ளிருந்து போனதாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, இது அவர் விஷயமும்தான். தங்கைக்கு இருந்தால் அண்ணனுக்கும் இருக்க ஏறக்குறையப் பாதி வாய்ப்பு. பி.ஆர்.சி.ஏ.2 பழுதுள்ள ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் அதிகமாகவும் தீவிரமாகவும் வருகிறது. 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் ரத்தச் சோதனை பார்க்கச் சொல்கிறார்கள். 100க்கு ஏழு பேருக்கு மார்பகத்திலும் வரலாம், ஆண் என்பதால் அது கண்ணில் படுவதே தாமதமாகத்தான். அவரிடமிருந்து அவர் மகளுக்கு மீண்டும் பாதி. மகள் வயதுவந்தவள் என்றால் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அவள்தான், அப்பா இல்லை. பழுது உறுதியானால் ஆலோசகரிடம் குடும்பக் கடிதம் ஒன்று கேளுங்கள்: யாருக்கு நோய் என்று பெயர் போடாமல், எந்த மரபணுவில் எந்த மாற்றம், எங்கே போய்ச் சோதிக்கலாம் என்று மட்டும் இருக்கும். அதை மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். விவாதம் வேண்டாம்.

சம்பந்தம் சொந்தத்துக்குள்ளேயே, அத்தை மகன் மாமன் மகள் என்ற முறையில் என்றால் மட்டும் ஒரு கூடுதல் வரி. மாப்பிள்ளை, பெண் இருவரும் ஒரே பி.ஆர்.சி.ஏ.2 பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் 4இல் ஒரு வாய்ப்பு இரண்டு பக்கமிருந்தும் அதைப் பெறுவதற்கு. அப்படிப் பெற்ற பிள்ளைக்கு ஃபேன்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரும். அபூர்வம்தான், ஆனால் அந்தச் சம்பந்தத்தில் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு நியாயம் சொல்ல என்னால் முடியாது.

உங்கள் பிள்ளைகளை இப்போது சோதிக்க வேண்டாம். யாராவது செய்து தருகிறேன் என்றாலும் வேண்டாம். இந்த மரபணுக்களால் வரும் நோய் சிறுவயதில் வருவதில்லை, அதனால் 18 ஆகும்வரை அவர்களுக்குச் செய்ய எதுவும் இல்லை. தெரிந்துகொள்வதா என்று சொல்லும் உரிமையும் அவர்களுடையது. டிபி53, குடலில் ஏராளமாக முளை விடும் ஏ.பி.சி. பழுது போன்ற சில மட்டுமே விதிவிலக்கு. சித்தியின் ரிப்போர்ட்டில் அவை வந்தால் ஆலோசகரே சொல்வார். முடிவு உங்களுக்கு இல்லை என்று வந்தால் அவர்களுக்கு உங்கள் வழியில் வர வழியே இல்லை, சோதனையும் வேண்டாம். இருக்கிறது என்று வந்தால், 18 வயதில் மகளிடம் சொல்வதை மகனிடமும் சொல்ல வேண்டும்.